எதிர்வெளிச்சத்தில் எது நிற்கும்? நிக்கான் டி700, டி750 ஓர் ஒப்பீடு

வீட்டில் ஏற்கெனவே நிக்கான் லென்ஸ் இருந்து, செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபுல் ஃபிரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமரா பாடி மட்டும் தேடுகிறவர்கள் சுற்றிச் சுற்றி இந்த இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்பார்கள். டி700 வந்தது 2008 ஜூலையில். டி750 வந்தது 2014 செப்டம்பரில். இரண்டையும் நிக்கான் இப்போது தயாரிப்பதில்லை. இரண்டிலும் பாடிக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால், அலமாரியில் தூங்கும் தனக்கென மோட்டார் இல்லாத பழைய 50 எம்எம் டி லென்ஸ்கூட ஆட்டோ ஃபோகஸில் ஓடும். ஆக லென்ஸ் விஷயத்தில் பெரிய சண்டை இல்லை.

கையில் எடுத்ததும் மனம் சாய்வது டி700 பக்கம்தான். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் அப்படித்தான். மக்னீசியம் கலவையில் செய்த உடம்பு, வட்டமான வ்யூஃபைண்டர், கட்டைவிரலுக்கு நேராக, ஆட்டோ ஃபோகஸை இயக்கத் தனி ஏஎஃப்-ஆன் பட்டன், கண்ணை எடுக்காமலே மாற்றக்கூடிய வகையில் வெளியிலேயே எல்லா விசைகளும். நிக்கானின் டி3 கேமராவில் இருந்த அதே 12.1 மெகாபிக்சல் சென்சாரைச் சின்ன உடம்பில் வைத்துக் கொடுத்தார்கள். சின்ன உடம்பு என்பது டி3யோடு ஒப்பிட்டால்தான். பேட்டரி போடாமலே 995 கிராம். டி750 அதைவிடக் கால் கிலோ குறைவு, பிடிமானமும் ஆழமானது. காலையில் முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன் என்று நாள் முழுக்கத் தோளில் தொங்கும்போது அந்தக் கால் கிலோ என்னவென்று தெரியும். ஆனால் டி750இல் ஏஎஃப்-ஆன் பட்டன் தனியாக இல்லை, வேறொரு பட்டனுக்கு அந்த வேலையைக் கொடுக்க வேண்டும். மோட் டயலும் தொடக்கநிலை கேமராக்களில் வருவது போலத்தான் இருக்கும்.

சரி, படத்துக்கு வருவோம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் சூரியன் உதிப்பதையும் கடலில் பார்க்கிறோம், மறைவதையும் கடலில் பார்க்கிறோம். கூட்டம் கேமரா முன்னால் வந்து நிற்பதும் அந்த இரண்டு நேரத்தில்தான். விடியற்காலையில் விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் பின்னால் வைத்துக்கொண்டு குடும்பமே வரிசையில் நிற்கும். வானத்துக்கு அளந்து எடுத்தால் முகங்கள் கரி. முகத்துக்கு அளந்தால் வானம் வெறும் வெள்ளைத்தாள். முட்டத்துப் பாறைகளில் மாலையிலும் இதே பாடுதான். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போனாலும் மர அழி வழியாக வருகிற வெயிலுக்கும் கறுத்து மின்னும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வோம்.

இரண்டு கேமராவும் பிரிகிற இடம் இதுதான். சென்சார்களைச் சோதிக்கும் டிஎக்ஸ்ஓமார்க் அளவீட்டில் டி700இன் டைனமிக் ரேஞ்ச், அதாவது ஒரே படத்தில் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை பிடிக்கும் வீச்சு, 12.2 ஸ்டாப், டி750க்கு 14.5 ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. இடைவெளி 2.3 ஸ்டாப், அதாவது ஏறத்தாழ ஐந்து மடங்கு. பேப்பரில் எண்ணாகத் தெரிவது கம்ப்யூட்டரில் இப்படித் தெரியும்: வானம் வெளுக்காதபடி குறைத்து எடுத்துவிட்டு, ரா ஃபைலில் (கேமரா பக்குவப்படுத்தாமல் அப்படியே வைக்கும் மூலப் பதிவில்) முகத்தை மட்டும் மூன்று ஸ்டாப் தூக்கிப் பாருங்கள். டி750இல் தோல் தோலாகவே இருக்கும். டி700இல் நிழல் பகுதியில் நிறப்புள்ளிகள் எழும்பும், சேலையின் அடர்நிறம் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். பழைய சென்சார் ஒளியை மின்சாரமாக மாற்றிப் படிக்கும்போது அதுவே சேர்க்கிற இரைச்சல் அதிகம். அது வெளிச்சமான இடங்களில் தெரியாது, இருட்டைத் தூக்கும்போதுதான் வெளியே வரும்.

இரவில் டி700 தோற்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே வித்தியாசம் அவ்வளவு இல்லை. அதே டிஎக்ஸ்ஓமார்க்கின் குறைவெளிச்ச எண், அதாவது எந்த ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) வரை படம் நன்றாக நிற்கும் என்பது, டி700க்கு 2303, டி750க்கு 2956. கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு ஸ்டாப்பைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். விடிவதற்கு முன் தோவாளை பூச்சந்தையில் பல்பு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுத்தால், ஆல்பத்தில் எது எந்த கேமரா என்று சொல்வது கஷ்டம். ஃபோகஸ் கிடைக்கிறதா என்பதில்தான் அங்கே சிக்கல். இரண்டிலும் 51 ஃபோகஸ் புள்ளிகள்தான், இரண்டிலும் நடுவிலேயே குவிந்து கிடக்கும். ஆனால் வெளிச்ச அளவான இவியில் (எண் குறையக் குறைய இருட்டு) டி700 மைனஸ் 1 வரைதான் பார்க்கும், டி750 மைனஸ் 3 இவி வரை போகும். மூட்டைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து கட்டுகிற அக்காவின் விரல்மேல் புதியது சட்டென்று பிடிக்கும், பழையது முன்னும் பின்னும் தேடும்.

டி700 ஆட்கள் உடனே ஷட்டரைக் கையில் எடுப்பார்கள். "இதுல எட்டாயிரத்துல ஒண்ணு உண்டு மக்கா, உனக்கு நாலாயிரம்தானே!" உண்மைதான், டி700இன் உச்ச ஷட்டர் வேகம் 1/8000 நொடி, டி750க்கு 1/4000. ஆனால் டி700இன் இயல்பான ஐஎஸ்ஓ 200இல் தொடங்குகிறது, டி750க்கு 100. உச்சிவெயிலில் 85 எம்எம் லென்ஸை முழுசாகத் திறந்து வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். டி700இலும் 100க்கு இறக்கலாம், ஆனால் பளிச்சென்ற இடங்கள் முன்னதாகவே வெளுத்துவிடும். ஃபிளாஷ் ஒத்துப்போகும் வேகத்திலும் இதே கதை: 1/250க்கு எதிரே 1/200. பின்னால் இருக்கும் வானத்தை அடக்குவதற்கு, ஐஎஸ்ஓவையும் சேர்த்துப் பார்த்தால், டி750 கையில்தான் கொஞ்சம் கூடுதல் இடம். விவரப் பட்டியலை வரிக்கு வரி ஒப்பிடுகிறவர்கள் கோட்டைவிடுகிற இடம் இது.

மெகாபிக்சல் பற்றி எனக்குப் பெரிய மோகம் கிடையாது. கல்யாண ஃபிளெக்ஸுக்கு 12 மெகாபிக்சல் தாராளம், தூரத்தில் நின்றுதானே பார்க்கிறோம். கரிஷ்மா ஆல்பத்தில் 12க்கு 36 அங்குல ஷீட் முழுக்க ஒரே படம் போடும்போது மட்டும் யோசிக்க வேண்டும். டி700 படத்தின் அகலம் 4256 பிக்சல், அதை 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 118தான் கிடைக்கும். டி750இன் 6016க்கு 167 வரும். கையில் வைத்துப் புரட்டுகிற ஆல்பத்தில் இது தெரியும், முக்கியமாக நகைகளில். பறவைப் படம் எடுக்கிறவர்களுக்கு இன்னும் நேரடியான கணக்கு இருக்கிறது. தேரூர் குளத்தில் 300 எம்எம் போதாமல் நடுப்பகுதியை மட்டும் வெட்டினால், டிஎக்ஸ் (நிக்கானின் சின்ன சென்சார்) அளவில் பழையதில் 5.1 மெகாபிக்சல் மிஞ்சும், புதியதில் 10.3. பதிலுக்கு ஹார்ட் டிஸ்க் இரண்டு மடங்கு வேகத்தில் நிரம்பும்.

காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவர் என்றால் இந்த அலசலில் பாதி தேவையே இல்லை. டி750இல் இரண்டு எஸ்டி கார்டு போடலாம், ஒரே படம் இரண்டிலும் பதிவாகும். டி700இல் ஒரே ஒரு சிஎஃப் கார்டு. தாலி கட்டுகிற நிமிடம் திரும்ப வராது, அந்த ஒற்றைக் கார்டை நம்பி அட்வான்ஸ் வாங்கத் தைரியம் வேண்டும். சத்தம் இன்னொன்று. டி700இன் ஷட்டர் அடிப்பது கோட்டாறு சவேரியார் பேராலயம் மாதிரியான பெரிய கோவிலில் கடைசி பெஞ்சு வரை கேட்கும், ஃபாதர் திரும்பிப் பார்ப்பார். டி750இல் அமைதி மோட் உண்டு. முற்றிலும் சத்தமில்லாமல் போகாது, ஆனால் கண்டிப்பாக அடங்கும். வீடியோ? டி700இல் கிடையவே கிடையாது. டி750 ஃபுல் ஹெச்டி எடுக்கும், 4கே எடுக்காது. வைஃபை இருப்பதால் பந்தி முடிவதற்குள் மாப்பிள்ளையின் போனுக்கு நாலு படம் அனுப்பிவிடலாம். மடங்கித் திரும்பும் திரையை வெறும் ஜோடனை என்று நினைத்திருந்தேன், சுசீந்திரம் தேரோட்டக் கூட்டத்தில் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த பிறகு அப்படிச் சொல்வதில்லை.

டி700இன் கலர் வேறு, அது இனி வராது என்றொரு பேச்சு உண்டு. ஜேபெக்கில் எடுத்தால் கொஞ்சம் ஒப்புக்கொள்வேன், தோல்நிறம் இதமாக வரும். ரா எடுத்து ஒயிட் பேலன்ஸையும் புரொஃபைலையும் பொருத்தினால் அந்த மந்திரத்தில் பெரும்பங்கு கலைந்துவிடும்.

உப்புக்காற்று என்று வரும்போது உலோக உடம்பு ஜெயிக்கும் என்றுதான் தோன்றும். இரண்டிலும் தண்ணீர், தூசி புகாமல் இருக்க ரப்பர் அடைப்புகள் உண்டு. ஆனால் டி700 என்றால் அந்த ரப்பருக்கே பத்து வயசு எப்போதோ தாண்டியிருக்கும். சங்குத்துறையில் அலை தெறிக்கிற இடத்திலோ திற்பரப்பு அருவியின் சாரலிலோ அதை நம்பி நிற்க மாட்டேன். டி750ஐ நம்பியும் நிற்க மாட்டேன், ஒரு பிளாஸ்டிக் உறை போதுமே. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் லென்ஸில் ஃபங்கஸ் வருவதற்கு பாடியின் வயசு பொருட்டே இல்லை. சிலிக்கா ஜெல் போட்ட டப்பா இரண்டுக்கும் வேண்டும்.

அப்படியானால் டி700ஐ யார் வாங்கலாம்? தனக்காக மட்டும் எடுக்கிறவர், முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி நிறுத்தப் பொறுமை உள்ளவர், மிச்சமாகிற பணத்தை 85 எம்எம் லென்ஸில் போடத் தயாராக இருப்பவர். அவருக்கு அது இன்றைக்கும் அருமையான கேமரா. மற்றவர்களுக்கு டி750தான். கடற்கரையில் உடனடியாக பிரின்ட் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவருக்கும் அதையே சொல்வேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஃபிளாஷை மாற்றி மாற்றி அமைக்க அவருக்கு நேரம் இருக்காது.

வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியவை வேறு வேறு. டி700இல் கைப்பிடி ரப்பர் உப்பிப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள், இந்த மாடலில் அது சகஜம். கார்டு போடும் இடத்தில் டார்ச் அடித்து ஒரு ஊசியாவது வளைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எஸ்டி கார்டு எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும், சிஎஃப் கார்டுக்கும் ரீடருக்கும் ஆன்லைனில்தான் அலைய வேண்டும். அதனால் விற்பவரிடமே சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பேட்டரி டி90, டி300இல் வரும் அதே இஎன்-இஎல்3இ. ஒரு முறை முழுக்க சார்ஜ் போட்டு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்காமல் முழுப் பணமும் கொடுக்க வேண்டாம். டி750இன் இஎன்-இஎல்15 குடும்பம் நிக்கானின் மிரர்லெஸ் இசட்6, இசட்7 வரைக்கும் தொடர்ந்ததால் அந்தக் கவலை இல்லை.

டி750இல் வேறு இரண்டு விஷயம். வந்த புதிதில் சில கேமராக்களில், வெளிச்சம் சட்டத்தின் மேல்விளிம்பை ஒட்டி இருக்கும்போது ஒரு கோடு வெட்டினாற்போல ஃபிளேர் விழுந்தது. எதிர்வெயிலில் எடுக்கிற நமக்கு இது முக்கியம். நிக்கான் அதை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அந்தக் குறை நீங்கியவற்றில் அடியில் டிரைபாட் திருகும் துளைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். அப்புறம் ஷட்டரில் குறை இருந்த சில தொகுப்புகளையும் நிக்கான் திரும்ப அழைத்தது. ஆகவே சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு நிக்கானின் தளத்தில் தட்டிப் பாருங்கள். ஷட்டர் இரண்டிலுமே 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது, கல்யாண வீடுகளில் ஓடிய கேமரா என்றால் அந்த எண்ணை எப்போதோ தாண்டியிருக்கலாம். விற்பவர் வாயால் சொல்வதை விடுங்கள், அவர் முன்னாலேயே ஒரு படம் எடுத்து அந்த ஃபைலிலேயே ஷட்டர் கவுண்டைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.