4080-ஆ, 7900 எக்ஸ்டிஎக்ஸ்-ஆ?

2022 கடைசில என்விடியாவோட கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4080 1,199 டாலருக்கும், அடுத்த மாசமே அதுக்குப் போட்டியா ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 999 டாலருக்கும் வந்துச்சு, ரெண்டு பக்க ஃபேன்ஸுக்கும் இன்னும் சண்டை ஓயல. ரே ட்ரேசிங் (வெளிச்சம், நிழல நிஜம் மாதிரி கணக்கு போட்டுக் காட்டுறது) இல்லாம கேம் ஓட்டுனா கிட்டத்தட்ட சமம், பல கேம்ல ஏஎம்டி லேசா முந்தும், மெமரியும் 24 ஜிபி, 4080-ல 16 தான். ஆனா சைபர்பங்க் 2077-ல ரே ட்ரேசிங்க ஆன் பண்ணிப் பாருங்க, ஏஎம்டிக்கு அங்கயே மூச்சு வாங்கிடும்.

கூலிங்லதான் மேட்டரே இருக்கு. என்விடியா தன் பேர்லயே விக்கிற ஃபவுண்டர்ஸ் எடிஷன்ல, 4080-க்கு மேல உள்ள 450 வாட் 4090-க்கு வச்ச அதே சைஸ் கூலர், 4080 இழுக்குறது 320 வாட், அதனால சத்தமே பெருசா இருக்காது, ஆனா செங்கல் மாதிரி 3 ஸ்லாட், சின்ன கேபினெட்ல நுழையாது. 355 வாட் ஏஎம்டி ரெஃபரன்ஸ் கார்டுல (ஏஎம்டியோட சொந்த டிசைன்) ஆரம்பத்துல வந்த கொஞ்சத்துல வேப்பர் சேம்பருக்குள்ள (சிப்போட சூட்ட தண்ணிய ஆவியாக்கிக் கடத்துற தட்டு) தண்ணி கம்மி, சிப்புல அதிகம் சூடாகுற இடம், அதான் ஹாட்ஸ்பாட், 110 டிகிரிய தொட்டு கார்டு தானா வேகத்த குறைச்சுக்கிச்சு, 2023 ஜனவரில ஏஎம்டியே இத ஒத்துக்கிச்சு. சஃபையர் நைட்ரோ மாதிரி வேற கம்பெனி செய்யுற 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுல இந்த பஞ்சாயத்து இல்ல, அதுக்கு தனி கூலர்.

கார்டுக்கு கரண்ட் குடுக்குற கனெக்டர் உருகுதுன்னு என்விடியாவ கலாய்க்கிறவங்க சொல்றது பெரும்பாலும் 4090 கதை, இருந்தாலும் 4080-லயும் அதே டைப் தான், ஏஎம்டி ரெஃபரன்ஸ்ல பழைய 8 பின் ரெண்டு, நிம்மதி.

2024 ஜனவரில 4080 சூப்பர் 999-க்கு வந்ததும் ஏஎம்டியோட விலை பெருமையும் போச்சு, பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர் பண்றவங்கன்னா என்விடியா தான், யோசிக்கவே வேணாம்.