கசிவது ஆயில், காரணம் காற்று: என் டர்போ டீசல் காரின் கதை

எண்ணூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், நான் வைத்திருக்கும் அதே மாடல் டர்போ டீசல் காரைப் பழைய வண்டியாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். பாரத் ஸ்டேஜ் 4 என்ற பழைய புகை விதிக் காலத்து வண்டி என்பதால் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. குதிரைத்திறன், டிக்கி அளவெல்லாம் அவருக்கே தெரியும். ஆகவே நேராக ஆயில் கசிவுக்கு வருகிறேன்.

அதற்கு முன் வண்டிக்குச் சேர வேண்டிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்த என்ஜினின் இழுவை எனக்கு இன்றுவரை சலிக்கவில்லை. மீஞ்சூரில் வெளிவட்டச் சாலையில் ஏறினால் வண்டலூர் வரை 62 கிலோமீட்டர். என்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்றைத் தாண்டியதும் டர்போ பிடித்து இழுக்கும் இழுப்பில் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். நான்கு பேரும் பெட்டிகளும் இருந்தாலும் லாரியை முந்துவதற்கு கியரைக் குறைக்க வேண்டியதில்லை. மணலி சாலையில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே அத்தனை பள்ளங்களில் இறங்கி ஏறியும் சஸ்பென்ஷனில் ஒரு சத்தம் வந்ததில்லை. மே மாத வெயிலிலும் ஏசி சளைத்ததில்லை.

ஆனால் அந்த ஆயில்! தண்டையார்பேட்டையில் எங்கள் குடியிருப்பில் என் வண்டி நிற்கும் தரையை மட்டும் எவ்வளவு சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாலும் கறை போவதில்லை. முதலில் என்ஜினின் கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் முன்பக்க சீலை மாற்றினார்கள். பிறகு வால்வு கவர் கேஸ்கெட். பிறகு கியர்பாக்ஸை இறக்கிப் பின்பக்க சீல். ஒவ்வொரு முறையும் சில வாரம் காய்ந்திருக்கும், மறுபடியும் ஈரம் கட்டும். “சீல் போய்விட்டது சார்” என்பார்கள். புதிதாகப் போட்ட சீல் ஏன் போகிறது என்று கேட்டால், “வண்டிக்கு வயதாகிவிட்டது சார்” என்பார்கள். கடைசியில், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றி, உள்ளே தேங்கியிருந்த ஆயிலைக் காட்டி, டர்போவையே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். கையெழுத்துப் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

துப்பு கொடுத்தது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்தான். மணலியிலிருந்து திரும்பிய ஒரு மாலை பானெட்டைத் திறந்தால், அது தன் இடத்திலிருந்து ஒரு விரற்கடை மேலே எழும்பி நின்றது. கழுத்தைச் சுற்றிலும் பொடிப்பொடியாக ஆயில் தெறித்திருந்தது. யாரும் தொடாத டிப்ஸ்டிக் மேலே வருகிறது என்றால் உள்ளிருந்து ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம்.

எந்த என்ஜினாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே, கிராங்க் தண்டு சுழலும் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். பழைய லாரிகளில் அது ப்ரீதர் குழாய் வழியாக நேரே வெளியே போய்விடும். கார்களில் அப்படி வெளியே விடக் கூடாது. வால்வு கவருக்குள் இருக்கும் பிரிப்பான் ஆயிலைத் தனியே பிரித்துக் கீழே இறக்கிவிடும். மிச்ச வாயு டர்போவின் உறிஞ்சு குழாய்க்குப் போய் மறுபடி எரியும். அந்தப் பாதை அடைத்துக்கொண்டால், வெயிட் அடைபட்ட குக்கரில் கேஸ்கெட் ஓரமாகக் கஞ்சி பீறிடுவதுபோல, எந்த சீல் இளைத்ததோ அதன் வழியே ஆயில் வெளியேறும். ஒன்றை மாற்றினால் அடுத்த இளைத்த இடம் திறக்கும். எங்கள் வீட்டுத் தரையில் நடந்தது இதுதான்.

டர்போவின் மீது விழுந்த பழியும் இதனால்தான். டர்போ தண்டைக் குளிர்விக்கும் ஆயில் பம்பின் அழுத்தத்தில் மேலே போகிறது. திரும்பி வருவதோ தன் எடையில் வழிந்துதான். கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறினால் அந்த வழிவு தடைபடும். இறங்க முடியாத ஆயில் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ரிங்குகளைத் தாண்டி ஒருபக்கம் இன்டர்கூலருக்கும், மறுபக்கம் சைலன்சருக்கும் போகும். புது டர்போ போட்டிருந்தாலும் அதுவும் ஒழுகியிருக்கும். இதில் அலட்சியம் ஆபத்து: இன்டர்கூலரில் தேங்கும் ஆயிலை டீசல் என்ஜின் எரிபொருளாகவே உறிஞ்சிக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடக்கூடும்.

மாதவரம் பக்கம் லாரி டீசல் என்ஜின் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை வளைத்துப் பாதிக்குத் தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் இறுக்கிச் செருகினார், மறுமுனையைத் திறந்து விட்டார். நன்றாகச் சூடேறிய என்ஜின் ஐடிலில் ஓடும்போது இரண்டு பக்க நீர்மட்டமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். என்ஜின் பக்கம் சற்று உறிஞ்சினால் இன்னும் நல்லது. என் வண்டியில் 150 மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டியது. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் தண்ணீர் குழாயை விட்டு வெளியே சிந்தியது. டயர் காற்றை அளக்கும் அலகான பி.எஸ்.ஐ.யில் ஒன்று என்பது சுமார் 703 மில்லிமீட்டர் நீர் உயரம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு பி.எஸ்.ஐ. அழுத்தம்தான் இத்தனை சீல்களையும் தின்றிருக்கிறது.

அடுத்து அவர் செய்ததை எந்த சர்வீஸ் சென்டரிலும் நான் பார்த்ததில்லை. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளங்கையை மேலே காட்டச் சொன்னார். மெல்லிய காற்று, அவ்வளவே. “அழுத்தம் நிறைய, காற்று குறைச்சல் அண்ணே. ரிங் போயிருந்தால் குபுகுபுவென்று அடிக்கும். இது வழி அடைப்பு” என்றார். அந்த ஒரு வரியில் என்ஜினை இறக்கும் செலவு தப்பியது. பிறகு கம்ப்ரஷன் பார்த்தார். நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல் வந்தன. பிரேக்குக்காகக் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப் அந்தக் காற்றைக் கிராங்க் கேஸுக்குள்தான் விடுகிறது, அந்தக் குழாயில் ஓட்டை இருந்தாலும் அழுத்தம் ஏறும் என்று அதையும் அடைத்துப் பார்த்தார், மட்டம் மாறவில்லை. டர்போ தண்டைக் கையால் அசைத்தார், ஆட்டம் இல்லை. கவரிலிருந்து வெளியேறும் ஹோஸைக் கழற்றினார். அப்போதும் தண்ணீர் இறங்கவில்லை. ஆக, அடைப்பு அந்த ஹோஸிலோ ஏர் ஃபில்டரிலோ இல்லை, கவருக்குள்ளேயே.

கவரைப் பிரித்தோம். ஆயில் இறங்க வேண்டிய துளைகள் தார்போன்ற கரிப்பிசுக்கில் மூடியிருந்தன. அழுத்தத்தைச் சீர்செய்யும் ரப்பர் டயஃப்ரம் விறைத்து, நகத்தால் அழுத்தினால் வெடிக்கும் நிலையில் இருந்தது.

என் கோபமெல்லாம் இங்கேதான். அந்த ரப்பர் துண்டு உள்ளங்கை அளவுகூட இல்லை. அதைத் தனியாக விற்பதில்லை. பிரிப்பானைப் பிளாஸ்டிக் கவரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்டார்கள். முழுக் கவரையும் வாங்கியாக வேண்டும், அதற்கும் காத்திருக்க வேண்டும். சர்வீஸ் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தேன், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏசி ஃபில்டர் எல்லாம் இருக்கின்றன, இது இல்லை. அடைபடுவது உறுதியான ஒரு பாகத்தை, யாரும் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் ஒளித்துவைத்து, பார்க்கச் சொல்லும் ஒரு வரியையும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். வாங்கியவர் சீல் சீலாக மாற்றிக்கொண்டே பணத்தைக் கரைக்கிறார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் ஓட்டம் கடுமையானது என்பதும் உண்மை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் நாளில், எண்ணூர் விரைவுச் சாலையில் என்ஜின் ஐடிலிலேயே நேரம் போய்விடும். அப்படி ஓடும் டீசலில் ஆயில் சீக்கிரம் கரி ஏறும். கையேடு சொல்லும் 15,000 கிலோமீட்டர் இந்த ஓட்டத்துக்குப் பொருந்தாது. இப்போது 7,500-லேயே மாற்றுகிறேன். புதுக் கவரோடு, ஏற்கெனவே நைந்த முன்பக்க சீலையும் மாற்றி, இன்டர்கூலரைக் கழுவிப் பூட்டிய பிறகு, அதே குழாயில் தண்ணீர் என்ஜின் பக்கமாக 15 மில்லிமீட்டர் ஏறி நின்றது. டர்போ அதேதான். புகை இல்லை, தரை காய்ந்திருக்கிறது.

அப்படியென்றால் வாங்கலாமா? இன்று கேட்டால், வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் வண்டியை விற்பாயா என்றால் அதுவும் மாட்டேன். பெட்ரோல் டர்போ பக்கம் போனால் தொல்லை தீருமா என்றும் நண்பர் கேட்டார். அதில் கூடுதலாக ஒரு ஒருவழி வால்வு இருக்கும்; அது பழுதானால் டர்போவின் அழுத்தமே கிராங்க் கேஸுக்குள் இறங்கும்.

இவ்வளவு சொல்லியும் விலையைப் பார்த்து மனம் இழுத்தால், வண்டியை நன்றாகச் சூடாக்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் தளர்த்துங்கள், டிப்ஸ்டிக் குழாயில் தண்ணீர்க் குழாயைச் செருகிப் பாருங்கள். சமீபத்தில் சீல் மாற்றிய பில் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். சீல் அடிக்கடி மாறியிருந்தால், புதுக் கவரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். மூடியைத் திறக்க விடாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். குழாய் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே வருகிறேன்.