விமான வானொலித் தொடர்புப் பயிற்சி வகுப்பு: படித்து முடித்தவரின் மதிப்பீடு

விமானி உரிமத்துக்குப் படிப்பவர்கள் ஆர்.டி.ஆர். என்று சுருக்கிச் சொல்லும் வானொலித் தொடர்புத் தேர்வுக்காக, வார இறுதி நாள்களில் இணையவழியில் நடந்த ஆறு வார வகுப்பு ஒன்றில் சேர்ந்து படித்தேன். நடத்தியவர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இதில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

வாசகங்களை வாய்பாடுபோல ஒப்பிக்கவைப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். ஆசிரியரோ முதல் நாள் பாடநூலைத் திறக்கவே இல்லை. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் உள்ள லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மூடுபனியில் மோதி 583 பேர் இறப்பதற்குச் சற்று முன்பு நடந்த உரையாடலை வரி வரியாக எழுதிக் காட்டினார். அவற்றில் ஒன்றான, நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் தந்தது, மேலெழுந்த பிறகு செல்லவேண்டிய வழித்தடத்துக்கான அனுமதி மட்டுமே. ஆனால் அந்த வாசகத்திலேயே 'டேக் ஆஃப்' (ஓடுபாதையில் ஓடி மேலெழுதல்) என்ற சொல்லும் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, "இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்" என்று பொருள்படும்படி முடித்தார். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று எண்ணிய கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்றார். ஒரு சிறு இடைவெளிக்குப் பின், காத்திருக்கும்படியும் தாமே அழைப்பதாகவும் சொன்னார். அதே கணத்தில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று மற்றொரு விமானமான அமெரிக்காவின் பான் ஆம் விமானமும் பேசியது. ஒரே அலைவரிசையில் இருவர் ஒருசேரப் பேசினால் கேட்பவருக்குக் கீச்சொலிதான் மிஞ்சும். கே.எல்.எம். விமானி அறையில் தெளிவாகக் கேட்டது "ஓகே" ஒன்றுதான். அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் அன்றி 'டேக் ஆஃப்' என்ற சொல்லை எடுக்கக்கூடாது, மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' (புறப்பாடு) என்றே சொல்லவேண்டும் என்ற விதி எதிலிருந்து பிறந்தது என்பதை இப்படித் தெரிந்துகொண்ட பிறகு, அதை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே எனக்கு ஏற்படவில்லை.

1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த கொலம்பிய விமானம் அவியான்கா 52 பற்றிய பாடம்தான் இந்த வகுப்பிலேயே சிறந்தது. அவசரநிலை என்று சொல்லும்படி தலைமை விமானி தம் ஸ்பானிய மொழியில் கேட்டார். துணை விமானியோ கோபுரத்திடம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். நெரிசல் மிகுந்த அந்த மாலையில் பல விமானங்கள் எரிபொருள் கவலையோடுதான் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. ஆகவே ஆபத்தை அறிவிக்கும் 'மேடே', 'எமர்ஜென்சி' என்ற சொற்கள் வராதவரை கட்டுப்பாட்டாளருக்கு அது வழக்கமான தகவலாகவே பட்டது. விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். பெரியவர்களிடம் எதையும் தணிந்தே சொல்லிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் மிகவும் தேவை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். எங்கள் குழுவில் பலர், பயிற்சியில்கூட 'மேடே' என்று மும்முறை உரக்கச் சொல்லத் தயங்கினார்கள். தயக்கம் தீரும்வரை ஆசிரியர் விடவில்லை.

1996-இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் 349 பேர் இறந்த மோதலைச் சற்று வேகமாகவே முடித்துவிட்டார். 15,000 அடியில் நிற்கவேண்டிய கஜகஸ்தான் விமானம், எதிரே சவூதி விமானம் வந்த 14,000 அடிக்கு இறங்கியது. அந்த விமானத்திலிருந்து கட்டுப்பாட்டாளரோடு பேசிய வானொலி இயக்குநருக்குத் தனி உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. நம் நாட்டில் நடந்த இந்த விபத்துக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கியிருக்கலாம்.

கட்டுப்பாட்டாளர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லும் 'ரீட்பேக்' பயிற்சி மிக நன்று. நாங்கள் திருப்பிச் சொல்லும்போது செய்யும் பிழையைச் சில சமயம் ஆசிரியர் வேண்டுமென்றே திருத்தாமல் விட்டு, பதிவை மீண்டும் ஒலிக்கவைத்து, பிழை எங்கே என்று எங்களையே கண்டுபிடிக்கச் சொல்வார். காதில் விழுந்ததற்குப் பதிலாக, விழும் என்று எதிர்பார்த்ததையே நான் திருப்பிச் சொல்லியிருந்ததை மூன்றாவது வாரம் என் பதிவிலேயே கேட்டேன். அன்று முதல் உயரம், திசை, அலைவரிசை எண்களை எழுதிக்கொள்ளாமல் பதில் சொல்வதில்லை.

குறைகளும் உண்டு. பயிற்சி முழுவதும் அமைதியான அறையில், தெளிவான ஒலியில் நடக்கிறது. இயந்திர இரைச்சலும் குறுக்கே வரும் பிற குரல்களும் கலந்த பதிவுகள் இல்லை. ஆசிரியரின் ஒரே உச்சரிப்புக்கு மட்டுமே காது பழகுகிறது என்பது அதைவிடப் பெரிய குறை. பதினெட்டுப் பேர் இருந்த குழுவில், ஒரு வகுப்பில் எனக்குப் பேசக் கிடைத்த நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. சேர விரும்புகிறவர்கள் பணம் கட்டும் முன் குழுவில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குள் இருந்தால் தயங்காமல் சேரலாம்.