வரவேற்பறையில் ஒத்திகை, கராஜில் சூனியக்காரியின் அடுப்பு

எங்கள் ஊரின் சின்ன ஆப்பரா (பாட்டாகவே போகும் மேலைநாட்டு இசை நாடகம்) கம்பெனி இது, பெயரைப் போடவில்லை. தனி ஆபீஸ் கிடையாது, அதை நடத்தும் அம்மாவின் வீட்டு விலாசம்தான் கம்பெனி விலாசம். நியூ ஜெர்சியில், எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். வருடத்துக்கு ஒரு ஆப்பரா, டிசம்பரில், சர்ச் ஹாலில் மூன்று நாள். இந்த முறை ஜெர்மன் இசையமைப்பாளர் ஹம்பர்டிங்க்கின் 'ஹேன்சல் உண்ட் கிரேட்டல்'. காட்டில் வழிதவறிய ஹேன்சல் என்ற பையனும் தங்கை கிரேட்டலும் மிட்டாய் வீட்டுச் சூனியக்காரியிடம் மாட்டி, கடைசியில் அவளையே அடுப்பில் தள்ளும் கதை. என் ஒன்பது வயது மகளும் அதில் உண்டு. ஆகவே என் மார்க்கில் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அக்டோபரிலிருந்து செவ்வாய், வியாழன் ஒத்திகை. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பியானோவைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்பார்கள். ஊரில் நாடகக்காரர்கள் தங்கும் இடத்தை 'கம்பெனி வீடு' என்பார்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். இது அசல் கம்பெனி வீடு. அவர் கணவரின் கார் குளிர்காலம் முழுக்க வெளியே பனியில் கிடக்கும், ஏனென்றால் கராஜில் சூனியக்காரியின் அடுப்பு இருக்கிறது. பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, உள்ளே ஒரு சிவப்பு பல்பு. அதற்குக் கதவு வைக்கவே மனிதர் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். எந்த நாளில் யார் வீட்டுச் சாப்பாடு என்று சமையலறையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எங்கள் முறை வந்தபோது எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோனோம். அப்பா வேஷக்காரர் மூன்று முறை போட்டுக்கொண்டார்.

இந்த ஆப்பராவே ஒரு வீட்டுச் சமாச்சாரம்தான். ஹம்பர்டிங்க்கின் தங்கை அடெல்ஹைட் வெட்டே, தன் குழந்தைகளுக்காக எழுதிய பாட்டுகளுக்கு அண்ணனிடம் மெட்டு கேட்டிருக்கிறார். அது வளர்ந்து வளர்ந்து 1893 டிசம்பர் 23 அன்று ஜெர்மனியின் வைமாரில் முழு ஆப்பராவாக அரங்கேறியது. அன்று இசைக்குழுவை நடத்தியவர் இன்னொரு ஜெர்மன் இசையமைப்பாளர், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். (ஹம்பர்டிங்க் என்றதும் என் அப்பாவுக்கு அறுபதுகளின் பாப் பாடகர் ஞாபகம் வந்துவிட்டது. அவர் வேறு. 1936-இல் நம் மதராஸில் பிறந்த ஆர்னால்ட் டார்சி, இந்த ஜெர்மன்காரரின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டவர்.) ஹம்பர்டிங்க் இறந்தது 1921-இல். இவ்வளவு பழைய இசைக்குக் காப்புரிமை தீர்ந்துவிட்டதால் ராயல்டி செலவு இல்லை. பியானோ வாசிப்பவருக்கும் ஹாலுக்கும் மட்டும்தான் பணம், மற்றவர்கள் எல்லாம் அன்புக்கு.

சரி, குறைகள். இருபத்தைந்து நிமிடம் தாமதம். பார்க்கிங் பரிதாபம். முன்னிசையை நாலு ஹார்ன்கள் (பித்தளை ஊதுவாத்தியம்) சேர்ந்து தொடங்க வேண்டும், இங்கே ஹைஸ்கூல் பையன் ஒருவன் தனியாக ஊதினான், முதல் சுரமே பிசிறியது. இரண்டாம் அங்கத்தில் பதினாலு தேவதைகள் வர வேண்டும். இருந்தது ஏழு பிள்ளைகள். இடப்பக்கம் போய், பின்னால் ஓடி, மூச்சிரைக்க மறுபடி வலப்பக்கமாக வந்தார்கள். பாட்டு ஜெர்மனில், ஆங்கில வரிகள் திரையில். மூன்றாம் அங்கத்தில் லேப்டாப் பின்தங்கிவிட்டது. சூனியக்காரியை அடுப்பில் தள்ளும்போது திரையில் 'பொழுது விடிந்தது, எழுந்திரு' என்று நிற்கிறது. அதையாவது அடுத்த முறை ஒரு ஆளை உட்கார வைத்து ஒழுங்காகச் செய்யலாம்.

ஆனால் சூனியக்காரி! அந்த வேஷத்தை டெனர், அதாவது உச்சக் குரல் ஆண் பாடகர், பாடுவதும் உண்டு. இங்கே பாடியவர் பகலில் பல் டாக்டர். மிட்டாய் வீட்டுக்குப் பொருத்தமான ஆள். ஹேன்சலாக வந்த பெண் மைக் இல்லாமல் என் முழங்காலிலிருந்து ஆறடி தூரத்தில் நின்று பாடினாள். அந்தி நேரப் பிரார்த்தனைப் பாட்டில் அவளும் கிரேட்டலும் ஒன்றாக மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் ஏறக்குறைய 3,800 இருக்கை. அங்கே இருமுறை மேல்மாடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாத்திய இசை கடல் மாதிரி வரும், ஆனால் யார் மூச்சும் என் காதுக்கு எட்டியதில்லை. முழு ஆர்கெஸ்ட்ரா வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும், இங்கே வந்து குறைப்படக்கூடாது.

மன்ஹாட்டனில் அமாட்டோ தம்பதி 1948-இல் ஆரம்பித்த கம்பெனி இப்படித்தான் ஓடியது. பவரி தெருவில் 107 இருக்கை அரங்கு. கணவர் டோனி இசையை நடத்துவார். மனைவி சாலி உடை, விளக்கு, டிக்கெட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அது 2009-இல் மூடிவிட்டது. எங்கள் ஹாலில் எண்பது நாற்காலி.

என் மனைவியின் பழைய மைசூர் சில்க், மாம்பழ மஞ்சள், பார்டர் நைந்தது, இப்போது பனித்துளி தேவதையின் மேலங்கி. தோளில் ஊக்கு குத்தியிருந்தது இரண்டாம் வரிசை வரை தெரிந்தது. சூனியக்காரி இஞ்சி ரொட்டியாக மாற்றிவிட்ட குழந்தைகள், கிரேட்டல் தொடும்வரை கண்ணை மூடி நிற்க வேண்டும். என் மகள் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, நாங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டாள்.

டிக்கெட் இருபது டாலர், பன்னிரண்டு வயதுக்குக் கீழே இலவசம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். கார்டு மெஷின் கிடையாது, ரொக்கம் கொண்டுபோங்கள். இரும்பு நாற்காலி, ஒரு குஷனும்.