கடற்சேற்றுப் பகுப்பாய்வுச் சேவை: உலோகத்தில் நிறைவு, மற்றதில் குறை

கரையோரச் சேற்றையும் சிப்பித் தசையையும் ஒரு தனியார் ஆய்வகத்திடம் பரிசோதனைக்கு ஒப்படைத்தேன். உலோகங்களுக்கு நெகிழிக் கலனும், நெகிழியில் ஒட்டிக்கொள்ளக்கூடிய குளோரின் சேர்மங்களுக்குக் கண்ணாடிக் கலனும் தனித்தனியே அனுப்பிய கவனம் பாராட்டுக்குரியது. காட்மியம், ஈயம் ஆகியவற்றின் அளவுகளை, கருவியால் நம்பகமாக உணரக்கூடிய மிகக் குறைந்த அளவான கண்டறியும் வரம்புடன் தந்தது நம்பிக்கையளித்தது. ஆனால் பாதரசத்தை மொத்த அளவாக மட்டுமே குறிப்பிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆக்சிஜனற்ற சேற்றில் நுண்ணுயிர்கள் உருவாக்கும் மெத்தில் பாதரசம் என்ற வடிவமே உணவுச் சங்கிலியில் மேலேறி, மீன் உண்பவரின் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. கொழுப்பில் சேரும் டி.டி.டி. (பூச்சிக்கொல்லி), பி.சி.பி. (மின்சாதனங்களில் பயன்பட்ட தொழிற்சாலை வேதிப்பொருள்) போன்ற குளோரின் சேர்மங்களின் அளவைச் சிப்பியின் கொழுப்பு விழுக்காட்டைச் சொல்லாமல் தந்ததும் பெருங்குறை, ஏனெனில் இனப்பெருக்கப் பருவத்தையொட்டி அக்கொழுப்பே கூடிக் குறைவதால், இரு பருவங்களின் முடிவுகளை ஒப்பிட வழியில்லை. 209 வகை பி.சி.பி.களில் எவற்றை அளந்தார்கள் என்பதையும் நான் கேட்ட பிறகே தெரிவித்தார்கள். காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களின் பரிசோதனைக்கு மட்டும் மீண்டும் இவர்களிடம் செல்வேன்.