ஒட்டி வைத்த போல்ட்: மேனிபோல்ட் வேலைக்கு வேன் கொடுப்பவர்கள் கவனம்

தலவாக்கலை, ஹட்டன் பக்கம் வேன் ஓட்டும் நம்ம ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கராஜ் பெயரைப் போடமாட்டேன், இன்பொக்சில் வந்து கேட்கவும் வேண்டாம். அங்கே என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது பழைய லைட்ஏஸ், 2சி டீசல் எஞ்சின். கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் சீட்டுக்கு அடியில் டிக் டிக் என்று சத்தம். எஞ்சின் சூடேறியதும் அடங்கிவிடும். எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் மேனிபோல்ட்டும் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டும் சேரும் இடத்தில் புகை கசிந்தால் இப்படித்தான். சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கு மூடிக்கொள்ளும், சத்தம் போய்விடும், நாமும் மறந்துவிடுவோம். ஆனால் நான் ஓட்டுவது ஸ்கூல் ஹயர். பனிக்குக் கண்ணாடி எல்லாம் ஏற்றித்தான் இருக்கும். பிள்ளைகள் "அங்கிள், புகை மணக்குது" என்றதும் பயந்துவிட்டேன். மணம் வந்தாலாவது தெரியும், அதோடு சேர்ந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. அன்றே கராஜுக்குப் போனேன்.

"கெஸ்கட் போயிருக்கு அண்ணே, பின்னேரம் எடுத்துக்கலாம்" என்றார் மெக்கானிக் பாஸ். அந்த இடுக்கை அடைக்கும் தகடுதான் கெஸ்கட். பின்னேரம் போனால், கடைசி சிலிண்டர் பக்கத்து ஸ்டட், அதாவது ஹெட்டில் இறக்கி வெளியே நட்டுப் போட்டு இறுக்கும் தலையில்லாத போல்ட், கழற்றும்போது முறிந்துவிட்டதாம். அதில் எனக்குக் கோபமே இல்லை. அலுமினிய ஹெட்டுக்குள் வருஷக்கணக்கில் வெந்த இரும்பு ஸ்டட், யார் கை வைத்தாலும் முறியலாம். "எடுத்துட்டு புதுசு போட்டுருவோம், ரெண்டு நாள் குடுங்க."

மூன்றாம் நாள் வேன் கிடைத்தது. கெஸ்கட், புது ஸ்டட், கூலி எல்லாம் சேர்த்து 14,500 ரூபா. சீட்டைத் தூக்கி டோர்ச் அடித்துக் காட்டினார். கையும் போகாத, கண்ணும் சரியாக எட்டாத மூலையில் ஒரு போல்ட் தலை பளபளவென்று தெரிந்தது. மற்ற இடமெல்லாம் ஸ்டட்டும் நட்டும், அங்கே மட்டும் போல்ட். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். பில்லும் கேட்கவில்லை. அந்த மடத்தனம் என்னுடையது.

பதினோராம் நாள் ஒரு குடும்பத்தை றம்பொடை அனுமார் கோயிலுக்கு ஏற்றிப்போனேன். திரும்பி வரும்போது நுவரெலியா ஏற்றத்தில், ஆள் நிறைந்த வேன், வளைவுக்கு வளைவு இரண்டாம் கியர். டங் என்று ஏதோ விழுந்தது. அடுத்த நிமிஷம் எஞ்சின் ட்ரெக்டர் மாதிரிக் கத்தியது. ஓரம் கட்டி எல்லாரையும் இறக்கிச் சீட்டைத் தூக்கினால், அந்த போல்ட் கீழே ஒரு இடுக்கில் கிடக்கிறது. முழு போல்ட் கூட இல்லை. தலையும், நகத்தளவு திருகுப் புரியும், அடியில் சாம்பல் நிறத்தில் ஸ்டீல் பசையும். ஓட்டைக்குள் ஒன்றுமே போகவில்லை, வெட்டி மேலே ஒட்டி வைத்திருக்கிறார்கள்! ஏற்றத்தில் மேனிபோல்ட் ஏறுகிற சூட்டுக்கு எந்தப் பசை நிற்கும்?

ஹட்டனில் ஒரு வயதான பாஸிடம் கொண்டுபோனேன். கண்ணாடித் துண்டை உள்ளே நீட்டி வெகுநேரம் பார்த்தார். "உள்ள ஈசி அவுட் முறிஞ்சு கிடக்கு தம்பி." முறிந்த ஸ்டட்டைத் துளைத்து உள்ளே மாட்டித் திருகி எடுக்கிற கருவிதான் ஈசி அவுட். கையில் பிடித்த ட்ரில்லால் ஸ்டட்டில் சாய்வாகத் துளை போட்டு, நடுவை விட்டு அலுமினியத்தையும் தின்று, அந்தத் துளையில் ஈசி அவுட்டை மாட்டித் திருகியிருக்கிறார்கள். ஈசி அவுட் கடினமாக்கிய உருக்கு. அது உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் பிட் அதில் வழுக்கும், இறங்காது.

ஸ்டட் முறிந்த உடனேயே கொண்டுவந்திருந்தால், வெளியே நீட்டியிருந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் அடித்துக் கழற்றியிருப்பாராம். வெல்டிங் சூட்டில் ஸ்டட் விரிந்து, ஆறும்போது சுருங்கித் துருப்பிடியை விட்டுக்கொடுக்கும். இரும்பு வெல்ட் அலுமினியத்தில் பிடிக்காது என்பதால் ஹெட்டும் தப்பும். அடிக்குமுன் பெட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். இப்போது அதற்கு வழியில்லை. ஹெட்டையே இறக்கி, லேத்துக்கு அனுப்பி, கார்பைட் கட்டரால் அரைத்தெடுத்து, பெருத்துப்போன ஓட்டைக்கு ஹெலிகொயில் என்கிற புரிச் சுருள் போட்டார்கள். ஹெட் கெஸ்கட் புதுசு, கழற்றியது கழற்றியாச்சு என்று டைமிங் பெல்ட்டும் புதுசு. மொத்தம் 68,000 ரூபா. ஆறு நாள் ஸ்கூல் ஹயரை வேறொரு தம்பிக்குக் கொடுத்தேன்.

பழைய கராஜில் போய் போல்ட் தலையை மேசையில் வைத்தேன். பாஸ் அதைப் பார்க்கவே இல்லை. "இத்தன நாள் ஓடிச்சுதானே அண்ணே?" என்றார். கடைசியில் 5,000 ரூபாவைத் தூக்கித் தந்தார். நுகர்வோர் அதிகார சபையின் 1977 நம்பருக்கு ஃபோன் அடித்து முறையிடத்தான் நினைத்தேன். காட்டுவதற்குக் கையில் ஒரு பில் துண்டு வேண்டுமே.

உங்கள் வண்டியில் ஸ்டட் முறிந்தது என்று சொன்னால், முறிந்த துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெளியே வந்திருந்தால் அது குப்பையிலாவது கிடக்கும். எடுக்கும் முன்னும் பின்னும் ஓட்டையை ஃபோனில் படம் எடுக்கச் சொல்லுங்கள், கை போகாத இடத்துக்கும் ஃபோன் போகும். ஈசி அவுட்டை எடுத்தால், "நட்டு வெல்ட் அடிச்சுப் பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

68,000க்கு, மாதாமாதம் பணம் கட்டுகிற சீட்டைத் தள்ளி எடுத்தேன். இன்னும் நாலு மாதம் கட்ட இருக்கிறது.