‘மூடி வெச்சா போதும் சார்’: கரையான் மருந்து அடிக்கும் வீட்டில் மீன் தொட்டி

சென்னைப் புறநகரில் ஒரு தனி வீடு. கூடத்தில் 200 லிட்டர் தொட்டி. அதில் நியான் டெட்ரா, கோரி மீன்கள், கொஞ்சம் செர்ரி இறால். வாசல் நிலையில் கரையான் ஏறியதால் ஒரு பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனத்தை அழைத்தார்கள். விலை பேசும்போதே தொட்டியைக் காட்டிக் கேட்டார்கள். “வாசனையே இல்லாத மருந்து சார், ஒரு போர்வை போட்டு மூடி வெச்சா போதும்” என்று பதில் வந்தது. காலையில் வேலை நடந்தது. மாலையில் போர்வையை விலக்கியபோது இறால் எல்லாம் செத்துக் கிடந்தன. இரவில் டெட்ராக்கள் வெட்டி வெட்டி நீந்திப் பக்கவாட்டில் சாய்ந்தன. விடிந்தபோது உயிரோடு இருந்தவை நத்தைகள் மட்டும். பணம் வாங்கிக்கொண்ட நிறுவனம், “நீங்க மூடினதால ஆக்ஸிஜன் போயிடுச்சு” என்று சொல்லி முடித்துக்கொண்டது.

இந்தப் பதிலை ஏற்க வேண்டியதில்லை. ஆக்ஸிஜன் குறைந்தால் முதலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரிய மீன்கள்தான் முன்னால் சாகும். பூச்சிமருந்து கலந்தால் முதலில் போவது இறால். பிறகு மீன்களுக்கு வலிப்பு போன்ற துள்ளல் வரும், சமநிலை தவறும். நத்தைகள் பெரும்பாலும் தப்பிக்கும். மேலே சொன்ன வீட்டில் நடந்தது இரண்டாவது வகை.

கரையானுக்கு நம் ஊரில் அடிப்பவை பெரும்பாலும் மூன்று மருந்துகள்: குளோர்பைரிபாஸ், பைஃபென்த்ரின், இமிடாக்ளோப்ரிட். எதை அடிக்கப் போகிறார்கள் என்று தெரியாமல் தேதி கொடுக்காதீர்கள். இமிடாக்ளோப்ரிட் மீன்களுக்கு ஒப்பீட்டளவில் தாங்கக்கூடியது, ஆனால் இறாலுக்கு ஆபத்து. குளோர்பைரிபாஸும் பைஃபென்த்ரினும் மீனுக்கே எமன். பைஃபென்த்ரின் 2.5% மருந்தை லிட்டருக்கு 20 மில்லி கலந்தால் 0.05% கரைசல் வரும். அதன் ஒரு சொட்டில் சுமார் 25 மைக்ரோகிராம் மருந்து இருக்கும். அந்தச் சொட்டு 100 லிட்டர் தொட்டியில் விழுந்து கரைந்தால் லிட்டருக்கு 0.25 மைக்ரோகிராம். ஆய்வகச் சோதனைகளில் ரெயின்போ ட்ரவுட் மீன்களில் பாதியை நான்கே நாளில் கொல்லும் அளவு லிட்டருக்கு 0.15 மைக்ரோகிராம், புளூகில் மீனுக்கு 0.35. கண்ணாடியிலும் மணலிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் என்றாலும், ஒரு சொட்டுக்கே கணக்கு இந்த இடத்தில் நிற்கிறது.

‘வாசனை இல்லை’ என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டப்பாவில் உள்ள வண்ண முக்கோணத்தைக் காட்டிச் சமாதானம் சொல்வார்கள். அந்த நிறம் எலி போன்ற பாலூட்டிகளிடம் பார்த்த நச்சுத்தன்மையை வைத்து இடப்படுவது. பச்சை முக்கோணம் மீனுக்கான சான்றிதழ் அல்ல.

மருந்து தொட்டிக்குள் எப்படிப் போகிறது? சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு, கரைசலை அழுத்தி ஏற்றி, வெள்ளை சிமெண்டால் அடைப்பார்கள். துளை நிரம்பியதும் கரைசல் பீச்சித் திரும்பும். நிலை, அலமாரி மீது கைத்தெளிப்பானால் அடிக்கும்போது நுண்துளி காற்றில் மிதக்கும். ஏர் பம்ப் அந்த அறைக் காற்றை உறிஞ்சி, குமிழ் குமிழாக நேரே தண்ணீருக்குள் தள்ளும். போர்வைக்குள் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் போர்வை இருந்தும் பயனில்லை, துணி வழியாகவே காற்று வரும்.

பலர் கவனிக்காத வழி ஒன்று உண்டு. மருந்து கலக்க வருபவர்கள், “வீட்ல ஒரு பக்கெட், மக் குடுங்க” என்பார்கள். கைக்குக் கிடைப்பது தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் பக்கெட்டாக இருக்கும். பிளாஸ்டிக்கில் ஒட்டிய பைஃபென்த்ரின் லேசில் போகாது. அடுத்த வாரம் தண்ணீர் மாற்றும் அன்று மீன் சாகும், காரணமும் புரியாது. தொட்டிக்கான பக்கெட், வலை, குழாய் எல்லாவற்றையும் முந்தின நாளே மூட்டை கட்டி வீட்டை விட்டு வெளியே வையுங்கள்.

தொட்டி ப்ளைவுட் ஸ்டாண்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதிலும் கரையான் இருக்கிறதென்று துளையிட்டு, எண்ணெயில் கலந்த மருந்தை ஏற்றுவார்கள். தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கேனிஸ்டர் ஃபில்டர் அந்த ஸ்டாண்டுக்குள்தானே நிற்கிறது? ஸ்டாண்டைத் தொடக் கூடாது என்று எழுத்திலேயே வாங்குங்கள். துளை போடும் சிமெண்ட் தூசும் சும்மா விடாது: தண்ணீரின் காரத்தன்மை ஏறும், ஏறினால் தண்ணீரில் இருக்கும் அம்மோனியா விஷமாகும்.

சரியான வழி, மீன்களை அந்த வீட்டிலிருந்தே எடுத்துவிடுவதுதான். ஒரு நாள் முன்பே தீவனத்தை நிறுத்துங்கள். தொட்டித் தண்ணீரில் பாதியைச் சுத்தமான கேன்களில் பிடித்து மீன்களோடு அனுப்புங்கள். பையில் கொண்டுபோனால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. ஃபில்டர் ஸ்பாஞ்சும் பீங்கான் வளையங்களும் தொட்டித் தண்ணீரில் மூழ்கியபடி கூடவே போக வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நீக்கும் பாக்டீரியா அவற்றில்தான் இருக்கிறது; அது செத்தால், திரும்பி வந்த மீன்களை அம்மோனியா கொல்லும். போகும் இடத்தில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடட்டும், தீவனம் கொஞ்சமாகப் போடுங்கள்.

தொட்டி பெரிது, மீன்களை நகர்த்த முடியாது என்றால் மட்டும் அடுத்த வழி. அந்த அறையை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிப் பாருங்கள். முடியாதென்றால், வேலையாட்கள் வாசலில் நுழையும் முன் கண்ணாடி மூடி போட்டு, தரை வரை தொங்குமாறு இரண்டு அடுக்கு கனமான பாலிதீன் சுற்றி, விளிம்பு முழுக்க டேப் ஒட்டுங்கள். ஏர் பம்பை மருந்தே அடிக்காத பால்கனியில் வைத்து, நீண்ட குழாயால் காற்றைக் கொண்டுவாருங்கள். குழாய் நுழையும் இடத்திலும் டேப். வெளிக்காற்று உள்ளே தள்ளப்படும்வரை பாலிதீனுக்குள் அழுத்தம் சற்று மிகுந்திருக்கும், அறைக் காற்று புகாது. பம்பை நிறுத்திவிட்டு மூடினால் நிறுவனம் சொன்ன அந்த ஆக்ஸிஜன் காரணம் நிஜமாகிவிடும்: 30 டிகிரியில் தண்ணீர் பிடித்துவைப்பதே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். கௌராமி, ஃபைட்டர் மீன்கள் இரண்டும் மேற்பரப்புக் காற்றைக் குடிப்பவை. அவற்றை எப்பாடு பட்டாவது வெளியே எடுங்கள். மின்விசிறி, ஏசி இரண்டும் அணைந்திருக்கட்டும்.

இணையத்தில் ‘கூடாரம் போட்டுப் புகை அடிப்பது’ பற்றி நிறைய அறிவுரை கிடைக்கும். அது கலிஃபோர்னியா, ஃபுளோரிடா பக்கத்து முறை. வீட்டையே போர்த்தி சல்ஃபியூரில் ஃபுளோரைடு வாயு விடுவார்கள். மீன் உட்பட எந்த உயிரும் உள்ளே இருக்கக் கூடாது. ஆனால் அந்த வாயு காற்றோட்டத்தில் வெளியேறிவிடும். நம் ஊர் மருந்து பல வருடம் தங்குவதற்காகவே விற்கப்படுவது. அதனால் ‘இரண்டு நாளில் சரியாகிவிடும்’ என்ற கணக்கை இங்கே பொருத்தாதீர்கள். துளைகள் அடைக்கப்பட்டு, தரையை இரண்டு முறை துடைத்து, ஜன்னல் திறந்து மூன்று நாளாவது போன பிறகு மீனைக் கொண்டுவரலாம். பாலிதீனை உரிக்கும் முன் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, வெளிப்பக்கம் உள்ளே போகுமாறு சுருட்டி எடுங்கள்.

ஏற்கெனவே மீன் துள்ளுகிறதா? தயங்காமல் குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலைத் தண்ணீரால் பாதி மாற்றுங்கள்; 100 லிட்டருக்குச் சுமார் 100 கிராம் புதிய ஆக்டிவேட்டட் கார்பனை ஃபில்டரில் போடுங்கள்; சில மணி நேரம் கழித்து மறுபடி மாற்றுங்கள். முதல் மாற்றத்துக்கு முன் ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஃப்ரிட்ஜில் வைக்க மறக்காதீர்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், மருந்து அதன் சுவரில் ஒட்டிவிடும். அந்தப் பாட்டில், செத்த இறாலின் படம், ‘மூடி வெச்சா போதும்’ என்ற வாட்ஸ்அப் செய்தி, மருந்தின் பெயர் எழுதிய பில் ஆகியவை இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேச ஆதாரம் இருக்கும். வாய்வார்த்தையாக மட்டும் பேசியிருந்தால் ஒன்றும் மிஞ்சாது. மேலே சொன்ன வீட்டில் பில்லில் ‘கரையான் சேவை’ என்ற இரண்டு சொல்தான் இருந்தது.

இன்னொன்று. வாரண்டி என்ற பெயரில் வருடத்துக்கு ஒருமுறை ‘செக்கப்’ வருவார்கள். கையில் சின்ன தெளிப்பான் மட்டும்தான் இருக்கும், ஐந்து நிமிட வேலை என்பார்கள். பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரமாகவும் இருக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் ‘இந்த அறையில் மருந்து அடிக்கக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, கீழே உங்கள் கைபேசி எண்ணையும் எழுதிவையுங்கள்.